குவிக்சார்ட்: பார்ட்டிஷனைத் தாளில் ஓட்டிப் பாருங்கள்

எண்களை வரிசைப்படுத்தும் குவிக்சார்ட் அல்காரிதம் என்றதும் மாணவர்கள் பலரும் ரிக்கர்ஷனை, அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பதைக் கண்டு மிரள்கிறார்கள். ரிக்கர்ஷன் இரண்டே வரி. தப்பு நடப்பது பெரும்பாலும் பார்ட்டிஷனில்தான், அதாவது பிவட் என்ற ஓர் எண்ணோடு ஒப்பிட்டு மற்ற எண்களை இருபுறமாகப் பிரிக்கும் படியில். கோட் எழுத உட்காரும் முன் அதை மட்டும் ஒருமுறை பென்சிலால் ஓட்டிவிடுங்கள்.

அர்ரே (எண்களின் பட்டியல்) 9 4 7 2 8 5 என்று வைப்போம். ஐ, ஜே இரண்டும் 0 முதல் எண்ணப்படும் இடங்களைக் குறிக்கும் இண்டெக்ஸ்கள். லொமூட்டோ என்ற பார்ட்டிஷன் முறையில் கடைசி எண் 5 தான் பிவட். ஐ -1இல் தொடங்கும். ஜே 0 முதல் 4 வரை நகரும். ஜே நிற்கும் எண் பிவட்டைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருந்தால் ஐ-ஐ ஒன்று கூட்டி, ஐ, ஜே நிற்கும் இரண்டு எண்களையும் ஸ்வாப் செய்ய (இடம் மாற்ற) வேண்டும். 9 பெரியது, விட்டுவிடுகிறோம். 4 வந்ததும் ஐ 0 ஆகிறது: 4 9 7 2 8 5. 7-ஐயும் விட்டுவிடுகிறோம். 2 வந்ததும் ஐ 1 ஆகிறது: 4 2 7 9 8 5. 8-க்கு வேலையில்லை. கடைசியில் ஐ-க்கு அடுத்த இடத்தையும் பிவட்டையும் மாற்றினால் 4 2 5 9 8 7. இனி 5 அந்த இடத்தைவிட்டு நகராது. அதன் இருபுறத்துக்கும் தனித்தனியாக ரிக்கர்ஷன் போகும். லூப்பின் எந்தக் கட்டத்திலும் 0 முதல் ஐ வரை இருப்பவை பிவட்டைத் தாண்டாதவை, ஐ-க்கும் ஜே-க்கும் இடையில் இருப்பவை பிவட்டைவிடப் பெரியவை. இதை ஒவ்வொரு வரியிலும் சரிபார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது.

இந்த முறையை உடைப்பதும் எளிது. ஏற்கெனவே வரிசையில் இருக்கும் 10,000 எண்களைக் கொடுத்தால் பிவட் எப்போதும் ஓர் ஓரத்திலேயே போய் நிற்கும். ஒப்பீடுகள் ஏறத்தாழ 5 கோடி. பிவட் நல்லபடியாக அமைந்தால் சராசரியாக இரண்டு லட்சத்துக்குள் முடிகிற வேலை இது. பைத்தானில் எழுதியிருந்தால் அதற்கும் முன்பே நின்றுவிடும், ஏனென்றால் அங்கே இயல்பான ரிக்கர்ஷன் எல்லை 1000. சிறிய பாதிக்கு மட்டும் ரிக்கர்ஷன் போய், பெரிய பாதியை லூப்பிலேயே தொடர்ந்தால் ஆழம் கட்டுக்குள் வரும். ஆனால் ஒப்பீடுகள் குறையாது.

ரேண்டம் பிவட் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரிசையாக வரும் அர்ரேக்கு அது சரி. எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் எதைத் தேர்ந்தாலும் அதே எண்தான், லொமூட்டோ மறுபடி 5 கோடிக்கே போகும். இதற்குத்தான் மூன்றாகப் பிரிக்கும் பார்ட்டிஷன்: சிறியவை, சமமானவை, பெரியவை. அதில் ஐ என்பது நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடம்; பெரிய எண்ணை வலது ஓரத்துடன் ஸ்வாப் செய்தபின் ஐ-ஐக் கூட்டிவிடுவது வழக்கமான பிழை. வலப்பக்கத்திலிருந்து வந்த எண்ணை இன்னும் நாம் பார்க்கவே இல்லை, அதனால் ஐ அங்கேயே நிற்க வேண்டும்.

கொழும்பில் பிறந்த டோனி ஹோர் 1961இல் வெளியிட்ட அல்காரிதம் இது. இன்று அவர் பெயரில் சொல்லித்தரும் பார்ட்டிஷனில் இரு முனைகளிலிருந்தும் இரண்டு இண்டெக்ஸ்கள் நெருங்கிவரும், பிவட்டுக்குச் சமமான எண்ணிலும் நிற்கும். வீண் ஸ்வாப் என்று தோன்றும். ஆனால் அப்படி நிற்பதால்தான் ஒரே எண் நிறைந்த அர்ரேயும் நடுவில் பிரிகிறது. அந்த ஒப்பீட்டில் சமக்குறியைச் சேர்த்தீர்களானால் இண்டெக்ஸ் அர்ரேயைத் தாண்டி ஓடிவிடும். இங்கே பிவட் தன் இறுதி இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எனவே இடப்பக்க ரிக்கர்ஷன், பார்ட்டிஷன் திருப்பித்தந்த இண்டெக்ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிவட் முதல் எண்ணாகவோ, கீழ்நோக்கி முழுமையாக்கிய நடு எண்ணாகவோ இருக்கட்டும். கடைசி எண்ணை வைத்து 1 2 என்ற அர்ரேயை ஓட்டிப் பாருங்கள்: 1 என்ற இண்டெக்ஸே திரும்பும், அதே அழைப்பு முடிவில்லாமல் சுழலும்.

இன்னொன்று: பெயர் வரிசையில் உள்ள மதிப்பெண் பட்டியலைக் குவிக்சார்ட்டால் மதிப்பெண்படி அடுக்கினால், ஒரே மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர் வரிசை கலைந்துபோகலாம். அது கலையக்கூடாது என்றால் மெர்ஜ்சார்ட் எழுதுங்கள்.

சோதிக்கும்போது காலி அர்ரே, ஒரே ஒரு எண், இரண்டு எண்கள், எல்லாம் ஒன்றானவை, ஏறுவரிசை, இறங்குவரிசை என ஆறையும் விடாதீர்கள். பிறகு பத்துக்குள் நீளமுள்ள ரேண்டம் அர்ரேக்களை ஆயிரக்கணக்கில் ஓட்டி, மொழியின் சொந்த சார்ட்டோடு ஒப்பிடுங்கள். நீளம் சிறியதாக இருந்தால், பிழை காட்டும் அர்ரேயை அப்படியே தாளில் எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.