மூலிகைதானே என்று ஆரம்பிக்கும் முன்: மஞ்சூரிலிருந்து ஓர் அனுபவம்

கல்யாணமாகி காரமடையிலிருந்து நீலகிரியில் மஞ்சூர் பக்கம் மின்வாரியக் குடியிருப்புக்கு வந்தவள் நான். இங்கே ஆனியில் பிடிக்கிற மழையும் மஞ்சும் ஆவணி வரை லேசில் விடாது. பகலிலேயே லைட் போடணும், துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் மனசு கனக்க ஆரம்பித்தது. அழுகையெல்லாம் இல்லை. எதிலும் ஒட்டுதல் இல்லாமல் போனது. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே முழிப்பு வந்துவிடும், காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். ஆனால் சமையல் நடந்தது, பையன் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனான். அதனால் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் நானே வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன மறுநாளிலிருந்து வைத்தியம் வரிசைகட்டி வந்தது. மேட்டுப்பாளையம் நாட்டு மருந்துக் கடையில் அத்தை அமுக்கரா சூரணம் வாங்கி வந்தார். "ராத்திரி பாலுல ஒரு ஸ்பூன் கலக்கிக் குடி கண்ணு, நல்லாத் தூக்கம் வரும்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா வல்லாரையைத் துவையல் அரைத்தே கொடுத்துவிட்டார். சென்னையில் இருக்கும் நாத்தனார் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மாத்திரையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மூலிகைதான் அண்ணி, பயப்படாதீங்க" என்றாள். மூவருக்கும் என் மேல் உள்ள அக்கறைதான் அது. துவையலைச் சாப்பிட்டேன். மற்ற இரண்டையும் தொடும் முன் ஒரு தாளில் எழுதினேன். ஏற்கெனவே சாப்பிடும் கர்ப்பத்தடை மாத்திரையையும், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்பதையும் சேர்த்து எழுதி, ஊட்டியில் ஒரு மனநல மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

அந்த அம்மா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற வரிக்கும் கர்ப்பத்தடை மாத்திரை என்ற வரிக்கும் பேனாவால் ஒரு கோடு இழுத்து இணைத்தார். "இது ரெண்டும் சேரக் கூடாதும்மா."

அந்த மூலிகை வெறும் நம்பிக்கை இல்லை என்பதையும் அவரே சொன்னார். பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், மனச்சோர்வுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்ததாகவும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்ததாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே மூலிகை, கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. கர்ப்பத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்று செய்தவர்கள் சாப்பிடும் மருந்து எல்லாம் சீக்கிரமே கரைந்து பலன் குறைந்துவிடும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் கூடவே இதையும் சாப்பிட்டால், உடம்பில் செரோட்டோனின் என்ற ரசாயனம் எகிறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். இங்கே சோலை ஓரங்களில் அதே குடும்பத்து மஞ்சள் பூச்செடி ஒன்று புதராக வளர்கிறது. அது வேறு இனம். ஆய்வு செய்தது ஐரோப்பியச் செடியை. இந்தப் பூவைப் பறித்துக் கஷாயம் வைக்கக் கூடாது.

அமுக்கராவை அவர் ஒதுக்கவில்லை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுவதாகச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் தைராய்டு அளவை அது ஏற்றிவிடக்கூடும், அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கும். "முதல்ல ரத்தம் பார்ப்போம், அப்புறம் சூரணம்" என்றார். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது. பி12 குறைவு. நான் முட்டைகூடச் சாப்பிடாதவள். அதற்கு மாத்திரை தந்தார்.

மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு படிவமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் 9 வரை வந்தால் லேசான பிரிவு. நான் அதில்தான் இருந்தேன். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. எனக்கு இல்லை. அந்தக் கேள்விக்கு ஆம் என்பவர்கள் சூரணத்தையோ மூலிகை மாத்திரையையோ வைத்துக்கொண்டு காத்திருக்கவே கூடாது. 14416, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

டீ விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். தேயிலைக்கு நடுவில் குடியிருக்கிறோம். குளிருக்கு இதமாக சாயங்காலம் கட்டன், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டீயில் உள்ள காஃபீன் உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்குமாம். மதியத்துக்குமேல் டீயை நிறுத்தினேன். நெஞ்சுப் படபடப்பு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது இதில்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது வெளிச்சம். வெளிநாட்டில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். விளக்கு வாங்க வேண்டாம், பையனை அனுப்பிவிட்டு அப்படியே நடங்கள் என்றார் டாக்டர். மஞ்சு மூடிய காலையிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். ரெயின்கோட் மாட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அக்காக்களோடு வளைவு வரை நடந்தேன். முதல் வாரம் கால் வரவே மறுத்தது. பிறகு, நான் வராத நாளில் அவர்களே குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். நடையா, அந்தப் பேச்சா, எது அதிகம் உதவியது என்று பிரிக்கத் தெரியவில்லை. தூக்கம் மெல்ல மெல்லத் திரும்பியது.

இப்போது இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம். கர்ப்பகாலத்தில் அமுக்கரா கூடாது என்பதால் டப்பா திறக்காமலே இருக்கிறது. "அப்போ மாமாவுக்குக் குடுத்துரலாமா?" என்று கேட்டார் அத்தை. மாமா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். அமுக்கரா சர்க்கரையை இன்னும் இறக்கிவிடலாம். அவருடைய அடுத்த செக்கப்புக்கும் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன்.