செம்புக் குழாயில் காந்தம்: இரண்டாகப் போட்டால் இன்னும் மெதுவாக இறங்குமா?

ஏசி மாட்ட வந்த மெக்கானிக் மிச்சம் வைத்துப்போன ஐந்து நூல் (5/8 அங்குலம்) செம்புக் குழாய், 60 செ.மீ. இருந்தது. செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் சோம்பேறித்தனமாக இறங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதை அளந்து பார்க்க ஆசை. 12 மி.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள உருளை நியோடிமியம் காந்தங்கள் நான்கு வாங்கினேன். ஒன்று 10 கிராம்.

முதல் நாள் வீண். சுருளிலிருந்து வெட்டிய குழாய் ஆயிற்றே, லேசான வளைவு. காந்தம் உரசி உரசி இறங்கியதில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நேரம். தரையில் வைத்துப் பலகையால் அழுத்தி உருட்டி நிமிர்த்திய பிறகுதான் அளவுகள் ஒத்துவந்தன. நேரம் பார்த்தது கைபேசியின் ஸ்லோ மோஷனில்.

அதே நீள பிவிசி குழாயில் 0.35 வினாடி. செம்பில் 4.9! குழாயைப் பாதியாக வெட்டி, காந்தத்தை மறுபடி போட்டேன்; நேரமும் சரிபாதி. அதாவது காந்தம் விழ விழ வேகம் கூடவில்லை, வினாடிக்கு 12 செ.மீ. என்று ஒரே சீராக இறங்குகிறது. (வெட்டியதற்கு அப்புறம் வருந்தினேன். நல்லவேளை, மெக்கானிக்கிடம் இன்னொரு துண்டு இருந்தது.)

செம்பைக் காந்தம் இழுக்காது. ஆனால் காந்தம் கடந்துபோகும்போது குழாய்ச் சுவரில் காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-இல் பாரடே காட்டினார். அந்த மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்த்தே ஓடும் என்று 1834-இல் லென்ஸ் சொன்னார். வேகம் கூடினால் எதிர்ப்பும் கூடும். எதிர்ப்பு எடைக்குச் சமமானதும் வேகம் அதற்கு மேல் ஏறாது.

சரி, இரண்டு காந்தங்களை ஒட்டிப் போட்டால்? புலம் பலமாகும், இன்னும் மெதுவாக இறங்கும் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்தேன். வந்தது 3.7 வினாடி. மூன்று போட்டால் 2.6. நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. வடக்கும் தெற்குமாக ஒட்டிக்கொண்ட காந்தங்கள் ஒரே நீளக் காந்தம்தான். அதன் நடுப்பகுதி கடக்கும்போது சுவரில் புலம் பெரிதாக மாறுவதில்லை. மாற்றமெல்லாம் இரண்டு முனைகளில். புலம் எவ்வளவு பலம் என்பதல்ல, எவ்வளவு மாறுகிறது என்பதே கணக்கு. இரண்டு காந்தத்துக்கு எடை இரண்டு மடங்கு, என் அளவுப்படி பிரேக் (அதே வேகத்தில் கிடைக்கும் எதிர்ப்பு) ஒன்றரை மடங்குதான். மூன்றுக்கு எடை மூன்று மடங்கு, பிரேக் வெறும் 1.6.

அப்படியானால் நடுவிலும் மாற்றத்தை உண்டாக்க வேண்டும். வடக்கும் வடக்கும் பார்க்கும்படி இரண்டை ஒட்டப் பார்த்தேன். பசை காய்வதற்குள் ஒன்று புரண்டு, மற்றதன் மேல் அறைந்து ஓரம் சில்லுத் தெறித்தது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள். மறுநாள் இடையில் ஐஸ் குச்சித் துண்டு வைத்து, பசை போட்டு, தையல் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

5.8 வினாடி. எடை அதே 20 கிராம்தான்.