கன எண்ணெய்க் கேள்வியா? பீப்பாயின் பின்னாலேயே போங்க

யுபிஎஸ்சி மெயின்ஸுக்குப் படிக்கும் தம்பி, தங்கச்சிகளுக்காக இது. மதுரை புதுநத்தம் சாலையில், கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து ஒருவர் பதிலை ஒருவர் திருத்திக்கொள்வோம். கன எண்ணெய், அதாவது கெட்டியான கச்சா எண்ணெயை வைத்து நாடுகளுக்குள் நடக்கும் அரசியல் பற்றிக் கேள்வி வந்தாலே முக்கால்வாசிப் பேர் எடுத்த எடுப்பில் எழுதுவது கையிருப்புக் கணக்கு: வெனிசுலாவிடம் சுமார் 30,000 கோடி பீப்பாய், உலகிலேயே அதிகம். சரிதான். ஆனால் அவ்வளவு வைத்திருக்கும் நாடு ஏன் தள்ளாடுகிறது? அந்தக் கேள்விக்குள் இறங்கினால்தான் மார்க்.

நான் அட்லஸை விரித்து, ஒரே ஒரு பீப்பாய் போகும் வழியைப் பென்சிலால் இழுப்பேன். வெனிசுலாவின் ஒரினோகோ படுகையில் கிடைப்பதில் பெரும்பகுதி ஏபிஐ (எண்ணெயின் அடர்த்தியைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் கனம் கூடுதல்) 10 டிகிரிக்கும் கீழே, அதாவது தண்ணீரைவிடக் கனம். ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி, தானாகக் குழாயில் ஓடாது. நாஃப்தா போன்ற லேசான எண்ணெய் கலக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே தரம் உயர்த்த வேண்டும். பிடி அங்கேதான் இருக்கிறது. 2007-ல் அதிபர் சாவேஸின் அரசு இந்தத் திட்டங்களில் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டதும் அமெரிக்க நிறுவனங்களான எக்ஸான்மொபிலும் கொனோகோபிலிப்ஸும் வெளியேறின. 2019-ல் வெனிசுலாவின் அரசு எண்ணெய் நிறுவனமான பிடிவிஎஸ்ஏ மீது அமெரிக்கா தடை போட்டதும் அமெரிக்காவிலிருந்து வந்த நாஃப்தா நின்றது. பிறகு ஈரான்தான் கலவை எண்ணெய் அனுப்பியது. மண்ணுக்கடியில் கடலளவு இருந்தும், கலக்க ஒரு கப்பல் சரக்குக்கு அடுத்தவரை எதிர்பார்க்கும் நிலை! இதை எழுதினாலே உங்கள் பதில் தனியாகத் தெரியும்.

கனடாவின் கதை வேறு. அங்கே கன எண்ணெய் கிடைக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. குழாய்கள் பெரும்பாலும் தெற்கே, அமெரிக்காவுக்கு. வாங்குபவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொன்னதுதான். ஆல்பர்ட்டாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகவிருந்த கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை 2015-ல் ஒபாமா மறுத்தார், 2017-ல் டிரம்ப் அனுமதித்தார், 2021-ல் பைடன் ரத்து செய்தார். 2024-ல் விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுண்டன் குழாய் பசிபிக் கரையைத் தொட்ட பிறகுதான் ஆசியாவுக்குப் பெரிய அளவில் வழி திறந்தது.

இந்தியாவைக் கடைசிப் பத்தியில் ஒட்டுப்போடாதீர்கள். கன எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் குஜராத்தின் ஜாம்நகர் ஆலைக்கு உண்டு. வெனிசுலாவின் சான் கிறிஸ்டோபல் வயலில் நம் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷுக்கு 40% பங்கு உண்டு, லாபப் பங்கு பாக்கியாக நின்றதும் உண்டு. பென்சில் கோடு முடியும் இடம் நம் ஊர் பெட்ரோல் பங்க் வரை வரலாம்.

படம் கட்டாயம் போடுங்க: ஒரினோகோ, ஆல்பர்ட்டா, மெக்சிகோ வளைகுடாக் கரையின் சுத்திகரிப்பு ஆலைகள், ஜாம்நகர். நாலு புள்ளி, நடுவில் அம்புக்குறிகள், போதும். சுற்றுச்சூழலுக்கு ஒரு வரி: பல இடங்களில் நீராவி செலுத்தி எடுப்பதால் பீப்பாய்க்கு ஆகும் எரிசக்தியும் புகையும் கூடுதல்.