ஆட்குறைப்புக் கடிதத்தில் காரணத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த அமெரிக்க நிறுவனம் உலகம் முழுக்க ஆள் குறைத்தபோது எங்கள் டீமும் போனது. கேன்டீனில் பல மாதமாக இதே பேச்சுதான், அதனால் பெரிய அதிர்ச்சி இல்லை. அலைக்கழித்தது அப்புறம் வந்த காகிதங்கள்தான்.

லேப்டாப், பாஸ் எல்லாம் ஒப்படைத்தாயிற்று. நஷ்டஈட்டுக் கணக்கும் சரியாக இருந்தது. ஆனால் கடிதத்தில் வேலை முடிந்த காரணம் 'ராஜினாமா'! பக்கத்து டீம் அக்காதான் கவனித்தார். "தம்பி, இதை அப்படியே கொண்டு போனா சொக்சோவுல காசு வராது."

உண்மைதான். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆட்குறைப்புக்கும், நிறுவனமே முன்வைக்கும் விருப்ப விலகல் திட்டமான வி.எஸ்.எஸ்.ஸுக்கும் பணம் உண்டு. தானாக வேலையை விட்டவருக்குக் கிடையாது.

எங்கள் எச்.ஆர். இருப்பதோ வேறு நாட்டில். இணையத்தில் புகார் டிக்கெட் போட்டால் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவார்கள், கடிதம் மட்டும் மாறாது. போனில் பிடித்தால், சிஸ்டத்தில் வேறு காரணமே இல்லையாம். இத்தனை பேரை ஒரே நாளில் அனுப்பத் தெரிந்த சிஸ்டம்! கடைசியில் ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டேன்: ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்னால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டிய பி.கே. படிவத்தில் என் வேலை எப்படிப் பதிவாகியிருக்கிறது? மேலாளருக்கும் ஒரு நகல் போட்டேன். மறுநாளே புதுக் கடிதம் வந்தது.

சொக்சோ விண்ணப்பம் இணையத்தில் சுலபமாக முடிந்தது. வேலை போனதிலிருந்து 60 நாளுக்குள் போட்டுவிட வேண்டும், கடிதச் சண்டையில் அதைக் கோட்டை விடாதீர்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 30 என்று இறங்கும். சம்பள வரம்பு 6,000 ரிங்கிட். அதற்கு மேல் வாங்கியவருக்கும் கணக்கு அதோடு நின்றுவிடும். வேலை தேடியதற்கு ஆதாரம் கேட்பார்கள், நேர்காணல் மின்னஞ்சல்களை அழிக்க வேண்டாம்.

நஷ்டஈட்டில், வேலை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வரி விலக்கு உண்டு. அந்தப் பணம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. வருமான வரி வாரியத்தின் அனுமதிக் கடிதம் வரும்வரை முதலாளி அதைப் பிடித்து வைக்கலாம். எனவே, வேலை முடிந்ததை அந்த வாரியத்துக்குத் தெரிவிக்கும் சி.பி.22ஏ படிவத்தை எச்.ஆர். என்றைக்கு அனுப்பியது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை அனுப்பினார்களா என்று கேட்டு இப்போது இன்னொரு டிக்கெட் போட்டிருக்கிறேன்.