பி1 பரீட்சையும் பிடித்த புத்தகமும்

இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 2018 டிசம்பரிலிருந்து பொதுவாக பி1 (அன்றாடப் பேச்சைத் தானே சமாளிக்கும் நடுத்தர நிலை) இத்தாலிய மொழிச் சான்றிதழ் வேண்டும். பெருஜியா, சியெனா, ரோமா த்ரே பல்கலைக்கழகங்கள், தாந்தே அலிகியேரி சங்கம் இவற்றில் எதில் எடுத்தாலும் சரி. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கும் நம் தமிழ் ஆட்களுக்குக் கேட்பதும் வாசிப்பதும் பெரிய கஷ்டமில்லை. தனியாகப் பேசும் பகுதியில்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நான் போன வகுப்பில் 'பிடித்த புத்தகம்' என்ற தலைப்புக்கு ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இத்தாலியின் பழைய பெருங்கவிஞர் தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' என்ற காவியம் பற்றிப் பத்து வரி. பக்கத்து மேசை வங்காளதேசத்து அண்ணனுக்கும் கானாக்காரப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே தாந்தே! எங்களில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. நான் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கு உண்மையில் பிடித்தது பொன்னியின் செல்வன். ஆனால் வந்தியத்தேவன் யார், எதற்காகத் தஞ்சாவூருக்குப் போகிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் மகள் பள்ளியில் படித்த, மரப்பொம்மைப் பையன் கதையான பினோக்கியோவை எடுத்தேன். அவள் பென்சிலால் அர்த்தம் எழுதி வைத்திருந்த பிரதி. நூலில் இறந்தகாலம் முழுக்க இலக்கிய நடையில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கதையை நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: ஜெப்பெத்தோ மரத்தைச் செதுக்குகிறார், பொம்மை ஓடுகிறது, நரியும் பூனையும் ஏமாற்றுகின்றன. வினைச்சொல் குழப்பம் பாதி குறைந்துவிடும்.

பரீட்சையன்று முதல் தலைவலி பெயரால் வந்தது. நம் கடவுச்சீட்டில் அப்பா பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்று இவர்களுக்குப் புரியாது. என் பெயரைத் தலைகீழாகப் பதிந்திருந்தார்கள். மேசையில் இருந்தவர், "சான்றிதழ் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார், கணினியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். விடவில்லை. வதிவிட அட்டையையும் வரி எண் அட்டையையும் நீட்டி, திருத்தி அச்சடித்த தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்தால் தபாலக ரசீதோடு கடவுச்சீட்டையும் கொண்டுபோங்கள். எனக்கு முன்னால் நின்றவரிடம் ரசீது மட்டும்தான் இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எழுத்துப் பகுதிகள் ஒழுங்காகவே போயின. வாய்மொழிக்குக் காலையிலேயே வரச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். அதற்குள் வகுப்புத் தோழர்கள் தாந்தேயைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். "எந்தப் பகுதி பிடிக்கும், ஏன்?" என்ற கேள்வியிலேயே அண்ணன் சிக்கிவிட்டாராம். மனப்பாடத் தாளில் அதற்குப் பதில் இல்லை.

என்னிடமும் அதேபோல்தான் கேட்டார் பரீட்சை எடுத்த சிஞ்ஞோரா (அம்மையார்): "முடிவு பிடித்திருக்கிறதா?"

எந்த முடிவு என்று திருப்பிக் கேட்டேன். பினோக்கியோவின் ஆசிரியர் கொல்லோதி அதை 1881இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதியபோது, பதினைந்தாவது அத்தியாயத்தில் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டார். படித்த பிள்ளைகள் விடவில்லை. அடுத்த வருடம் தொடர்ந்து எழுதினார், 1883இல் புத்தகமாக வந்தது. இதை என் உடைந்த இத்தாலியத்தில், கழுத்தில் கையை வைத்துக் காட்டிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைகள் செய்தது சரியா?" என்றார். சரிதான், இல்லையென்றால் என் மகள் அழுதிருப்பாள் என்றேன். அப்புறம் அது பரீட்சை மாதிரியே இல்லை. நடுவில் பன்மையில் ஒருமை வினை போட்டேன், அவரும் கண்டுகொள்ளவில்லை.

ஆகவே, பெரிய பெயர் எதற்கு? ஒரு காட்சி, ஒரு பாத்திரம், பிடித்ததற்கு ஒரு காரணம், பிடிக்காத ஒன்று. இவற்றுக்கு உங்களிடம் சொந்தப் பதில் இருக்கிற புத்தகம் போதும். சிறுவர் கதை என்றால் மதிப்பெண் குறையும் என்று வகுப்பில் பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள்.

சான்றிதழ் மாதக்கணக்கில் இழுத்து ஒருவழியாக வந்தது. பெயர் சரியாக இருக்கிறது. இனி ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழும் பொலிஸ் சான்றிதழும் வரவேண்டும்.