டெல்ஃப்ட் என்று தேடினால் ஒல்லாந்து வருகிறது

டொரன்டோவிலிருந்து வரும் மச்சாளுக்கு நெடுந்தீவைக் காட்டவேண்டும். படகு நேரம் பார்க்கலாமென்று யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் இருந்தபடி கூகுளில் ஆங்கிலத்தில் ‘டெல்ஃப்ட் படகு’ என்று தேடினேன். வந்ததெல்லாம் ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், இருக்கும் டெல்ஃப்ட் நகரத்துக் கால்வாய்ச் சவாரி! ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயரை எங்கள் தீவுக்கு வைத்துவிட்டுப் போனதன் பலன்.

நெதர்லாந்து என்ற சொல் உள்ள பக்கங்களை விலக்க, அந்தச் சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல், ஒரு கழித்தல் குறி போட்டேன். கால்வாய்கள் பெரும்பாலும் ஒழிந்தன. பிறகுதான் மூளை வேலைசெய்தது: தீவை ஏன் தேடுகிறேன், படகு புறப்படும் குறிகட்டுவானைத் தேடலாமே? ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேடவேண்டியிருந்தது. பக்கத்துத் தீவான நயினாதீவும் இப்படித்தான். தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களின் குறிப்புகள் வேண்டுமென்றால் நாகதீப என்ற சிங்களப் பெயரிலும் தேடவேண்டும்.

கடைசியில் ஓர் அட்டவணை அகப்பட்டது. மகிழ்ந்துபோய் மச்சாளுக்கு அனுப்பியும்விட்டேன். அவள்தான் தேதியைப் பார்த்தாள்: 2016. வெட்கத்தோடு ‘கடந்த ஓராண்டு’ என்று காலத்தைச் சுருக்கித் தேடினேன். மிஞ்சியவை நான்கு பக்கங்கள். அவற்றில் இரண்டு, நெடுந்தீவுக் குதிரைகளின் படங்கள் மட்டுமே.