சச்சினின் 100 சதங்கள்: கூட்டலுக்குள்ளே என்ன இருக்கிறது

டெஸ்ட்டில் 51, ஒருநாள் போட்டியில் 49. சச்சின் டெண்டுல்கரின் 100 சர்வதேச சதங்கள் என்பது இந்த இரண்டின் கூட்டல். டி20 சர்வதேசப் போட்டி அவர் ஆடியதே ஒன்றுதான், 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில். அதில் 10 ரன். அந்தக் கட்டம் காலி.

இவ்வளவு எளிமையான கணக்கிலும் பலர் வழுக்குகிறார்கள். அவருக்கு முதல்தரப் போட்டிகளில் (பல நாள் நடக்கும் ஆட்டங்கள், உள்ளூரும் சேர்த்து) 81 சதம், லிஸ்ட் ஏ போட்டிகளில் (ஒருநாள் வகை ஆட்டங்கள், உள்ளூரும் சேர்த்து) 60 சதம் என்று பார்த்ததும் 100-உடன் கூட்டிவிடுவார்கள். 241 வரும். அது அவர் 2004-ல் சிட்னியில் ஒரே இன்னிங்ஸில் அடித்த ரன்னோடு ஒத்துப்போவது தற்செயல்; கணக்கு தப்பு. ஒவ்வொரு டெஸ்ட்டும் முதல்தரப் போட்டிதான், ஆகவே 51-ம் அந்த 81-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதே மாதிரி 49-ம் 60-க்குள். சரியாகக் கூட்டினால் 81, 60, அப்புறம் 2011 ஐபிஎல்லில் அடித்த ஒரே டி20 சதம், ஆக 142. இன்னொரு குழப்பம் லண்டனின் லார்ட்ஸ் மைதானம். அங்கே அவர் சதமே அடித்ததில்லை என்பார்கள். 1998-ல் எம்சிசி (மேரில்போன் கிரிக்கெட் கிளப்) அணிக்கு எதிராக உலக அணிக்காக லார்ட்ஸில் 125 அடித்தார். ஆனால் அது சர்வதேசப் போட்டி இல்லை, எந்தக் கட்டத்திலும் சேராது. லார்ட்ஸ் டெஸ்ட்டுகளில் அவருடைய அதிகபட்சம் 37 மட்டுமே.

இனி 49-க்கு வருவோம். இந்தச் சாதனையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதல் டெஸ்ட் சதம் 1990 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில் வந்துவிட்டது. வயது 17. முதல் ஒருநாள் சதம் வந்தது 1994 செப்டம்பர் 9-ல், கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 110. அது அவருடைய 79-வது ஒருநாள் போட்டி. அதற்குள் டெஸ்ட்டில் 7 சதம் அடித்து முடித்திருந்தார். சிட்னியிலும் பெர்த்திலும் சதம் அடித்தவருக்கு 50 ஓவர் ஆட்டத்தில் ஏன் 5 வருஷம் பிடித்தது? ஆட்டத்தில் குறையில்லை, இறங்கிய இடத்தில்தான் குறை.

கணக்காகப் பாருங்கள். ஒரு இன்னிங்ஸில் 300 பந்து. 4-ஆம், 5-ஆம் இடத்தில் இறங்குகிறவர் 25-வது ஓவரில் உள்ளே வந்தால் மிச்சம் 150 பந்து. எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி போனால் இவருக்குக் கிடைப்பது 75. அதில் சதம் என்றால் 100 பந்துக்கு 133 ரன் வேகம் வேண்டும். 100 பந்துக்கு 75 ரன் அடித்தாலே நல்ல வேகம் என்றிருந்த காலம் அது. ஓப்பனருக்கோ கடைசி வரை நின்றால் 150 பந்து வரும். அதோடு முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்தான் நிற்கலாம். புதுப் பந்து கெட்டியாக இருக்கும், மட்டையின் நடுவில் பட்டால் ஓடும். மேலே தூக்கி அடிக்கத் துணிந்தவனுக்கு அது காலி மைதானம்.

1994 மார்ச் 27, ஆக்லாந்து. நவ்ஜோத் சித்துவுக்குக் கழுத்துப் பிடிப்பு. ஓப்பனிங் இறங்க ஆள் வேண்டும். சச்சின் கேட்டு வாங்கினார். நியூசிலாந்து வைத்த இலக்கு 143; இவர் 49 பந்தில் 82. அதில் 15 ஃபோர், 2 சிக்ஸ். சதம் இல்லை, இலக்கு சின்னது என்பதால் இடமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இடம் அவருடையது.

முடிவில் கணக்கு இப்படி நிற்கிறது: ஓப்பனராக 340 இன்னிங்ஸில் 45 சதம். மற்ற இடங்களில் 112 இன்னிங்ஸில் 4 சதம். அதாவது ஓப்பனராக ஏழரை இன்னிங்ஸுக்கு ஒன்று, கீழே இறங்கினால் 28 இன்னிங்ஸுக்கு ஒன்று. அந்த நாலில் இரண்டு நன்றாக நினைவிருக்கும்: 1999 உலகக் கோப்பையில் அப்பா இறந்த சில நாளில் திரும்பி வந்து பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக அடித்த 140, 2007 ஜனவரியில் வதோதராவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 76 பந்தில் அடித்த 100. சித்துவின் கழுத்து அன்றைக்குச் சரியாக இருந்திருந்தால் இந்தப் பட்டியல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

டெஸ்ட்டில் இந்தச் சிக்கல் கிடையாது, பந்துக்குப் பஞ்சமில்லை. 329 இன்னிங்ஸில் 51, ஆறரை இன்னிங்ஸுக்கு ஒன்று. இதில் 29 வெளிநாட்டு மண்ணில் வந்தவை, 22-தான் இந்தியாவில். ஆஸ்திரேலியாவில் மட்டும் 6, தென்னாப்பிரிக்காவில் 5, இங்கிலாந்தில் 4. 'சொந்த மண்ணுப் புலி' என்று யாராவது சொன்னால் இந்த 29-ஐக் காட்டினால் போதும். எதிரணி வாரியாகப் பார்த்தாலும் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஆஸ்திரேலியாதான்: டெஸ்ட்டில் 11, ஒருநாளில் 9, மொத்தம் 20. அடுத்தது இலங்கை, 17.

'சச்சின் செஞ்சுரி அடிச்சா இந்தியா தோத்துடும்' என்கிற டீக்கடை வாதத்துக்கும் எண்ணிலேயே பதில் இருக்கிறது. 100 சதங்களில் 53 வெற்றி, 25 தோல்வி, 20 டிரா, 1 டை, 1 முடிவில்லாமல் போனது. ஒருநாள் போட்டிகளை மட்டும் எடுத்தால் 49-ல் 33 வெற்றி, 14 தோல்வி. அவர் ஆடிய 463 ஒருநாள் போட்டிகளில் இந்தியா ஜெயித்தது 234, கிட்டத்தட்ட பாதி. அவர் சதம் அடித்த நாளில் அது மூன்றில் இரண்டு பங்காக ஏறுகிறது. தோற்ற ஆட்டங்கள் மனதில் ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன, வென்றவை கலந்துபோய்விட்டன, விஷயம் அவ்வளவுதான். ஹைதராபாத் 2009-ஐ யார் மறப்பார்? 351 இலக்கு, இவர் 175, அவுட்டாகும்போது ஸ்கோர் 332, அணி 347-ல் சுருண்டு 3 ரன்னில் தோல்வி.

தோல்விக் கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1998 ஏப்ரல் 22-ல் ஷார்ஜாவில் அடித்த 143 தோல்விப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மணல் புயலுக்குப் பிறகு ஓவர் குறைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் இறுதிப் போட்டிக்குப் போக 237 எடுத்தால் போதும். இந்தியா 250 எடுத்தது. ஆட்டம் போனது, ஃபைனல் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, தன் 25-வது பிறந்தநாளில், அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 134 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷம் ஒருநாளில் 9, டெஸ்ட்டில் 3, மொத்தம் 12 சதம்.

டெஸ்ட் சதங்களில் நான்காவது இன்னிங்ஸில், அதாவது இலக்கைத் துரத்தும் கடைசி இன்னிங்ஸில், வந்தவை மூன்றே மூன்று. குறை சொல்ல நினைப்பவர்கள் இங்கே கை வைக்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த மூன்றும் மூன்று விதம். 1990 ஓல்ட் டிராஃபோர்டில் 119, தோற்க வேண்டிய ஆட்டத்தை மனோஜ் பிரபாகரோடு சேர்ந்து டிரா ஆக்கியது. மற்ற இரண்டும் சேப்பாக்கத்தில்.

1999 ஜனவரி, பாகிஸ்தான், இலக்கு 271. 82-க்கு 5 விக்கெட். நயன் மோங்கியாவோடு 136 ரன் கூட்டணி. முதுகுப் பிடிப்பு கூடிக்கொண்டே போக, ஓடி எடுப்பதைவிட எல்லைக்கோட்டுக்கு அனுப்புவதே சுலபம் என்ற நிலை. 136-ல் சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடித்து வாசிம் அக்ரமிடம் கேட்ச். அப்போது ஸ்கோர் 254, தேவை 17, கையில் 3 விக்கெட். அந்த மூன்றும் 4 ரன்னுக்குள் போய் 12 ரன்னில் தோல்வி. 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக இலக்கு இன்னும் பெரிசு, 387. சேவாக் 68 பந்தில் 83 அடித்து வழி திறந்துவிட்டார், யுவராஜோடு பிரியாத 163 ரன் கூட்டணி. கடைசியில் ஸ்வானின் பந்தை ஃபைன் லெக் பக்கம் தள்ளிய ஒரு ஃபோரில் வெற்றியும் வந்தது, சதமும் வந்தது.

சேப்பாக்கத்தில் அவருக்கு மொத்தம் 5 டெஸ்ட் சதம். அதில் ஆட்ட நுணுக்கத்துக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது 1998 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் அடித்த 155. முதல் இன்னிங்ஸில் லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னேவைத் தூக்கி அடிக்கப் போய் 4 ரன்னில் ஸ்லிப்பில் மார்க் டெய்லரிடம் கேட்ச். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 71 ரன் பின்தங்கிய நிலை. வார்னே ரவுண்ட் த விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கத்திலிருந்து) வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே ஷூ தேய்த்த கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்துவார். அங்கிருந்து பந்து ஆஃப் பக்கம் திரும்பும். பெரும்பாலானோர் காலை நீட்டி பேடில் வாங்குவார்கள். ரன் வராது, நெருக்கம் கூடும், கடைசியில் தப்பு நடக்கும். சச்சின் தொடருக்கு முன்பே முன்னாள் லெக் ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை அதே கோணத்தில், அதே மாதிரி கரடாக்கிய இடத்தில் பந்து போடச் சொல்லிப் பழகியிருந்தார். முன்காலைக் கொஞ்சம் விலக்கி, மட்டை சுழல இடம் விட்டு, பந்து எழும்பும் முன்பே மிட்விக்கெட்டுக்கு மேலே. சுழலுக்கு எதிராக அடிப்பது என்பதால் பாடப்புத்தகப்படி தப்பான ஷாட். ஆனால் பந்து திரும்பி முடிப்பதற்குள் மட்டை சந்தித்துவிட்டால் விளிம்பில் படாது. நேரம் அரை நொடி பிசகினால் முதல் இன்னிங்ஸில் நடந்ததுதான் நடக்கும். 191 பந்து, 14 ஃபோர், 4 சிக்ஸ். இந்தியா 179 ரன்னில் வென்றது.

இதற்கு நேர் எதிர்க்கோடி 2004 ஜனவரி சிட்னி. அந்தத் தொடரில் அதற்கு முன் அவர் எடுத்தவை 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துதான் வினை என்று முடிவுகட்டி, தன் கவர் டிரைவையே மூட்டைகட்டி வைத்துவிட்டார். வெளியே போட்டால் விட்டுவிடுவது, பவுலர் பொறுமையிழந்து உள்ளே கொண்டு வரும்வரை காத்திருந்து லெக் பக்கம் திருப்புவது. 436 பந்து, 33 ஃபோர், ஆட்டமிழக்காமல் 241. பார்க்க அழகான இன்னிங்ஸ் இல்லை என்பேன். ஆனால் ஒரு சதத்தை எப்படிக் கட்டுவது என்று கற்றுக்கொள்ள வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

தொண்ணூறுகளையும் சொல்லியாக வேண்டும். 90-க்கும் 99-க்கும் நடுவே 28 முறை நின்றிருக்கிறார்: டெஸ்ட்டில் 10, ஒருநாளில் 18. 2007-ல் மட்டும் மூன்று தடவை 99: பெல்ஃபாஸ்டில் ரன் அவுட், பிரிஸ்டலில் ஃபிளிண்டாஃப் பந்தில் கீப்பர் கேட்ச், மொகாலியில் உமர் குல் பந்தில் மறுபடி கீப்பர் கேட்ச்.

99-வது சதம் 2011 மார்ச் 12, நாக்பூர், தென்னாப்பிரிக்கா. அடுத்ததற்கு ஒரு வருஷமும் 4 நாளும் ஆனது. நடுவில் மொகாலி அரையிறுதியில் 85, ஓவலில் 91, வான்கடேயில் 94. கடைசியில் 2012 மார்ச் 16, மிர்பூர், ஆசியக் கோப்பை, வங்கதேசம். 138-வது பந்தில் ஷகிப் அல் ஹசனை ஸ்கொயர் லெக் பக்கம் தட்டி ஒரு ரன். அதுதான் நூறாவது.

அந்த இன்னிங்ஸின் விலையையும் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 147 பந்தில் 114. அணியின் 300 பந்தில் பாதிக்குச் சற்றே குறைவு. 100 பந்துக்கு 86 ரன் என்ற தன் வாழ்நாள் வேகத்தில் ஆடியிருந்தால் அதே 147 பந்தில் 127 வரை வந்திருக்கும், 13 ரன் கூடுதல். இந்தியா 289, வங்கதேசம் 4 பந்து மிச்சம் வைத்து 5 விக்கெட்டில் வென்றது. தோல்விக்குப் பந்துவீச்சும் காரணம்தான், ஆனால் அந்த 13 ரன்னை இல்லை என்று சொல்ல முடியாது. நூறில் சுமாரான சதங்களை வரிசைப்படுத்தினால் நூறாவதே முன்னால் நிற்கும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு நாள் கழித்து அதே மிர்பூரில் பாகிஸ்தான் 329 அடித்தது. கம்பீர் 0-வில் போக, சச்சினும் மூன்றாவதாக இறங்கிய விராட் கோலியும் சேர்ந்து 133 ரன் கூட்டினார்கள். சச்சின் 52. அதுவே அவருடைய கடைசி ஒருநாள் இன்னிங்ஸ். கோலி 148 பந்தில் 183, அவருடைய 11-வது ஒருநாள் சதம். சச்சினின் 49-ஐத் தாண்டிய அவருடைய 50-வது 2023 நவம்பர் 15-ல் வந்தது, வான்கடேயில், நியூசிலாந்துக்கு எதிராக, 279-வது இன்னிங்ஸில். கேலரியில் சச்சின் உட்கார்ந்திருந்தார்.